கே40 லேசரில் ரொட்டிக் கட்டையும் காவடிப் பலகையும்: அடித்தகட்டைத் திறந்து உருளை பொருத்தும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வீட்டில் கே40 (சிறிய 40 வாட் லேசர் பொறிப்பு இயந்திரம்) இருப்பது தெரிந்துவிட்டால், அக்கம்பக்கத்தார் தட்டையான பொருளோடு வருவதில்லை. ரொட்டி உருட்டும் கட்டை, எஃகு டம்ளர், பூசைச் சொம்பு, தைப்பூசம் நெருங்கினால் காவடிப் பலகை என்று வரும். இயந்திரமோ ஏறக்குறைய 300 × 200 மி.மீ. பரப்பில், மெல்லிய தகடுகளுக்கென்றே செய்யப்பட்டது. அதை மாற்றலாம். ஆனால் ரம்பத்தைத் தொடும் முன் ஓர் அளவு தெரிய வேண்டும்: லென்சிலிருந்து அடித்தகடு வரை எத்தனை மி.மீ.?

கே40-இல் வரும் லென்சின் குவியத் தூரம் 50.8 மி.மீ. பொருளின் மேற்பரப்பு அங்கே நிற்க வேண்டும். 45 மி.மீ. விட்டமுள்ள ரொட்டிக் கட்டையை, அதைச் சுழற்றும் உருளைகள் மேல் வைத்தால், உருளைச் சட்டத்தின் அடியிலிருந்து கட்டையின் உச்சி வரை சுமார் 60 மி.மீ. ஆக, லென்சுக்குக் கீழே 111 மி.மீ. இடம் வேண்டும். 75 மி.மீ. டம்ளருக்கு 139. அளந்து பாருங்கள். இடம் போதுமானால் பெட்டியை வெட்டவே வேண்டாம்.

சில சமயம் எதுவுமே தேவையில்லை

குறுகிய எழுத்து வரிக்கு உருளை வேண்டியதில்லை. 45 மி.மீ. கட்டையில் நீளவாக்கில் 12 மி.மீ. அகலப் பட்டை பொறித்தால், உச்சிக்கும் ஓரத்துக்கும் உயர வித்தியாசம் 0.8 மி.மீ. மட்டுமே, இந்த லென்சு அதைத் தாங்கும். 18 மி.மீ. அகலம் என்றால் வித்தியாசம் 1.9 மி.மீ. ஆகி ஓரங்கள் மங்கும். 300 மி.மீ. விட்ட வளைவுள்ள பெரிய பொருளில் 40 மி.மீ. அகலம் வரை தாராளமாகப் போகலாம். பொருள் உருளாமல் இருக்க இருபுறமும் ஆப்பு வைத்தால் போதும்.

முதலில் மின்சாரம்

பிளக்கைக் கழற்றுங்கள், ஸ்விட்சை மட்டும் அணைப்பது போதாது. லேசர் குழாய்க்குப் போகும் மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட். கழற்றிய பின்னும் அது சற்று நேரம் தங்கியிருக்கும். சில நிமிடங்கள் விடுங்கள், சிவப்புக் கம்பியின் பக்கம் கை போகவே வேண்டாம். வேலை முடிந்து மறுபடி இணைக்கும் முன், பிளக்கின் எர்த் முள்ளுக்கும் பெட்டியின் வெற்று உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டரில் 1 ஓமுக்குக் குறைவாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் பெட்டியின் உட்புற எர்த் இணைப்பின் கீழுள்ள பெயிண்டைச் சுரண்டுங்கள். வீட்டில் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் (மின்கசிவைக் கண்டதும் அணைக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதே என்று இதை விட்டுவிடக் கூடாது.

அடித்தகட்டைத் திறத்தல்

கூடவே வரும் ஸ்பிரிங் கவ்வி மேடையை நான்கு திருகுகளையும் எடுத்துக் கழற்றி ஓரமாக வையுங்கள். பின்புறப் புகைக்குழல் வேலைப் பரப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்; அதையும் உருவி, லென்சைச் சுமந்து நகரும் தலைக்கு இடிக்காத அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம்.

பிறகு லென்சு, கண்ணாடிகள், பெல்ட், தண்டவாளம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையும் டேப்பும் கொண்டு மூடுங்கள். பவர் சப்ளை, கட்டுப்பாட்டு போர்டு உள்ள அறையின் எல்லா ஓட்டைகளையும் அடையுங்கள். இரும்புத் தூள் மின்சாரம் கடத்தும். ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் போர்டு போய்விடும். கிரைண்டர் வேண்டாம், அதன் தீப்பொறி கண்ணாடிகளில் புள்ளி விழச் செய்யும். மூலைகளில் 10 மி.மீ. துளை போட்டு, உலோகப் பிளேடு மாட்டிய ஜிக்சாவால் மெதுவாக வெட்டுங்கள்.

ஆனால் வெட்டும் முன்பே, துளை வரப்போகும் இடத்தைச் சுற்றி 20 × 20 மி.மீ. எல் வடிவ ஆங்கிளைத் திருகிவிட வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இந்த மெல்லிய தகடுதான் பெட்டியின் முதுகெலும்பு. அது தளர்ந்தால் சட்டம் ஒரு மில்லிமீட்டர் முறுக்கிக்கொள்ளும், கண்ணாடிகளின் நேர்க்கோடு கலையும், ஒரு மூலையில் வெட்டும் கதிர் மறு மூலையில் வெட்டாது. சுற்றிலும் 30 மி.மீ. விளிம்பையாவது விட்டுவையுங்கள்.

திறந்த துளைக்குக் கீழே 12 மி.மீ. பிளைவுட்டில் 100 மி.மீ. உயரப் பெட்டி செய்து, உட்புறம் மெல்லிய எஃகுத் தகடு ஒட்டுங்கள். அதன் தரையில் வீட்டில் மிஞ்சிய பீங்கான் டைல் ஒன்றைப் போடுங்கள். 10.6 மைக்ரான் கதிரை டைல் விழுங்கிக்கொள்ளும். பளபளப்பான அலுமினியம் எங்காவது திருப்பி அடிக்கும். இந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. பெட்டி பொருந்தாமல், மூடி சாத்தாமல் இயக்கக் கூடாது. இரண்டிலும் ஒரு மைக்ரோ ஸ்விட்ச் வைத்து, லேசரை இயக்கும் கம்பியோடு வரிசையில் இணையுங்கள்.

உருளைச் சட்டம்

வேண்டியவை: 8 மி.மீ. விட்டத்தில் 300 மி.மீ. நீள எஃகுக் கம்பி 2, 608 பேரிங் 4, நெமா 17 அளவு ஸ்டெப்பர் மோட்டார் 1 (குறைந்த மின்னோட்டம் இழுக்கும் மெலிந்த வகை, கே40-இன் போர்டு பெரியதைத் தள்ளாது), 20 பல் ஜிடி2 புல்லி 2, 200 மி.மீ. மூடிய பெல்ட் 1, கார் உதிரிபாகக் கடையில் 8 மி.மீ. உள்விட்டப் பெட்ரோல் குழாய் அரை மீட்டர். பக்கத் தகடுகளை 6 மி.மீ. பிளைவுட்டில் இதே லேசரில் வெட்டிக்கொள்ளலாம்.

ரப்பர் குழாயைத் துண்டுகளாக்கிக் கம்பியில் செருகினால் சுமார் 14 மி.மீ. உருளை கிடைக்கும். ஒரு கம்பியை மோட்டார் சுற்றும். மற்றது சும்மா சுழலும். கம்பிகளின் மையங்களுக்கிடையே தூரம், பொருளின் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு: 45 மி.மீ. கட்டைக்கு 30. நெருக்கி வைத்தால் கட்டை குதித்து வெளியேறும், அகலமாக வைத்தால் இடையில் இறங்கி உரசும். பக்கத் தகட்டில் 30, 45, 60 என்று மூன்று துளைகள் போட்டுவிட்டால் பிறகு கவலையில்லை. சட்டத்தைக் கம்பிகள் எக்ஸ் அச்சுக்கு (தலை இடவலமாக நகரும் திசைக்கு) இணையாக இருக்கும்படி வையுங்கள்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒய் மோட்டாரின் (தலையை முன்பின்னாக நகர்த்துவது) நான்கு கம்பி இணைப்பைப் போர்டிலிருந்து உருவி, அங்கே புதிய மோட்டாரைச் செருகுங்கள். ஓடும்போது உருவினால் டிரைவர் சில்லு அந்த நொடியே எரியும். மோட்டார் சுழலாமல் நடுங்கினால் சுருள் ஜோடிகள் மாறியிருக்கின்றன. மல்டிமீட்டரில் ஜோடி பார்த்து மாற்றுங்கள். எதிர்த்திசையில் சுழன்றால் ஒரு ஜோடியின் இரு கம்பிகளை மட்டும் இடம் மாற்றினால் போதும்.

இனி ஒய் சட்டம் தானாக நகராது. தலையைக் கட்டையின் உச்சிக்கு நேரே கையால் நகர்த்தி, தண்டவாளத்தில் ஒரு துணிக் கிளிப்பைக் கவ்வவிடுங்கள். உச்சியிலிருந்து 5 மி.மீ. விலகினால் கதிர் கிட்டத்தட்ட 13 டிகிரி சாய்வில் விழும். கோட்டின் ஒரு கரை கருகலாகத் தெரியும்.

அளவுத் திருத்தம்

எம்2 நானோ என்ற கட்டுப்பாட்டு போர்டு உள்ளவர்களுக்கு இலவசமான கே40 விஸ்பரர் மென்பொருள் போதும். அதில் தொடங்கியதும் ஹோம் (தலை தன் தொடக்க மூலைக்கு) போகும் அமைப்பை முதலில் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒய் ஸ்விட்சைத் தேடி உருளை நில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு ரோட்டரி அமைப்பை இயக்கி, ஒய் அளவுக் காரணியை 1 என வையுங்கள்.

கட்டையைச் சுற்றிக் காகிதம் ஒட்டி, குறைந்த சக்தியில் 100 மி.மீ. இடைவெளியில் இரு கோடுகள் போடச் சொல்லுங்கள். காகிதத்தைப் பிரித்து அளந்தால் 82 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காரணி 100 ÷ 82, அதாவது 1.22. மறுபடி ஓட்டிச் சரிபாருங்கள். இந்த வகை உருளை பொருளின் மேற்பரப்பையே தள்ளுவதால், கட்டைக்குக் கண்ட காரணி டம்ளருக்கும் பொருந்தும். நடுவில் பிடித்துச் சுழற்றும் சக் வகையில் ஒவ்வொரு விட்டத்துக்கும் கணக்கு மாறும். கைப்பிடி உள்ள குவளைக்கு மட்டும் சக் வாங்கினால் போதும் என்பதே எங்கள் கட்சி.

கட்டை முழுக்கக் கோலம் சுற்றி வர வேண்டுமானால் விட்டத்தை அளக்காதீர்கள், சுற்றளவை அளங்கள். விட்டத்தில் அரை மி.மீ. பிசகினால் இணைப்பில் 1.6 மி.மீ. இடைவெளி விழும். காகிதப் பட்டையைச் சுற்றிக் குறி போட்டால் பிசகு இராது. 45 மி.மீ. கட்டையின் சுற்றளவு 141.4, ஒன்பது புள்ளிக் கோலம் என்றால் புள்ளிக்கு 15.7 மி.மீ. எனப் பிரித்து வரையுங்கள். மாவில் பதிய 1.5 மி.மீ. ஆழம் தேவை, ஒரே ஓட்டத்தில் எரிக்காமல் 7 மில்லியாம்பியர், விநாடிக்கு 150 மி.மீ. எனத் தொடங்கி மூன்று நான்கு முறை ஓட்டுங்கள். கைப்பிடி கழன்று வரும் கட்டையானால் கழற்றிவிடுவது நல்லது. சூப்பாவுட்டில் (எம்.டி.எஃப். பலகையில்) செய்த கட்டை ரொட்டிக்கு ஆகாது, அதில் பசை உண்டு, திட மரம்தான். வார்னிஷும் வேண்டாம், கரியைத் தேய்த்தெடுத்து எண்ணெய் தடவினால் போதும்.

வடிவம் நடுவில் பிசகினால் காரணம் பெரும்பாலும் வழுக்கல். வெற்று டம்ளர் மிக இலேசு, உள்ளே ஓர் அரிசிப் பொட்டலம் வையுங்கள். நுனி குறுகிய டம்ளர் பக்கவாட்டில் ஊர்ந்து போகும். அகன்ற முனையில் ஒரு தடுப்பு வைத்து, குறுகிய முனை நிற்கும் இடத்தில் உருளைக்கு டேப் சுற்றி மேற்பரப்பைச் சமமாக்குங்கள்.

நீளப் பலகை

கீழ்ப் பெட்டியைக் கழற்றி, இயந்திரத்தைக் கால்கள் மேல் நிறுத்தினால் 900 மி.மீ. பலகையையும் அடியில் நுழைக்கலாம். அந்த உயரத்தில் 50.8 லென்சு எட்டாது, 101.6 மி.மீ. லென்சு மாட்டுங்கள். கதிர்ப் புள்ளி இருமடங்கு பருமனாகும், ஆனால் குவிய ஆழம் நான்கு மடங்கு. பொறிக்கலாம், வெட்டுவது கடினம். லென்சிலிருந்து அடித்தகடு வரையே 101.6-க்கு மேல் இருந்தால் இந்த வழி பயன்படாது. நேர்ச்சட்டம் ஒன்றில் பலகையை ஒட்டவைத்து, 180 மி.மீ. நகர்த்தி நகர்த்திப் பகுதி பகுதியாகப் போடுங்கள். சுற்றிலும் தகட்டுப் பாவாடை கட்டாமல் சுடக் கூடாது.

காவடி வேலை குவியும் வாரங்கள்தான் டர்பனில் புழுக்கமும் உச்சம். குழாயைக் குளிர்விக்கும் தண்ணீரில் ஐஸ் கொட்டி 15 டிகிரிக்கு இறக்கினால் குழாய் வெளிப்புறம் வியர்க்கும், உயர் மின்னழுத்தம் அந்த ஈரத்தில் தாவும். 22 முதல் 24 டிகிரியில் வைத்து, மின்னோட்டத்தை 15 மில்லியாம்பியருக்குள் அடக்குங்கள். மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்ததும் பம்ப் ஓடுகிறதா என்று பார்க்காமல் சுடாதீர்கள்.

பித்தளைச் சொம்பை இந்த லேசர் பொறிக்காது, கதிர் திரும்பிவிடும். மேலே கறுப்பு பெயிண்ட் அடித்து, 4 மில்லியாம்பியரில் பெயிண்டை மட்டும் எரித்து, திறந்த இடத்தை ஃபெரிக் குளோரைடு கரைசலில் அரிக்கவிட்டால் எழுத்து குழிந்து நிற்கும். கையுறை போடுங்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், மீந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றாமல் பிளாஸ்டிக் கேனில் மூடி வையுங்கள்.