நடுராத்திரி ட்யூட்டிக்கு முன்னால் காட்பாடி வீட்டில் தூங்குவது எப்படி

நம்ம ஊர்ப் பக்கத்திலிருந்து புதிதாகக் கோ-பைலட்டாகச் சேர்ந்த தம்பிகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான், "அண்ணா, ராத்திரி ட்யூட்டியை எப்படிச் சமாளிக்கிறீங்க?" காபி, ச்சூயிங் கம் என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். அதெல்லாம் அப்புறம், முதலில் கணக்கு.

ரோஸ்டரில், அதாவது ட்யூட்டி அட்டவணையில், ரிப்போர்ட்டிங் (வேலைக்கு வந்து சேரும் நேரம்) ராத்திரி 1 மணி என்று இருக்கும், ட்யூட்டி நேரம் அங்கிருந்துதான் ஓடும். உடம்பு அப்படி எண்ணாது, காலையில் கண் விழித்ததிலிருந்தே அதன் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். காலை 7 மணிக்கு எழுந்து, பகலெல்லாம் சும்மா சுற்றிவிட்டு, ஒன்பதரைக்குக் காட்பாடியில் கிளம்பி மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தால், கையெழுத்துப் போடும்போதே 18 மணி நேரம் விழித்தாயிற்று. 1997-ல் ஆஸ்திரேலியாவில் செய்த ஓர் ஆய்வில், 17 மணி நேரம் விழித்திருந்தவரின் திறன் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருக்குச் சமமாகக் குறைந்தது. நம் ஊரில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் அளவே 0.03 தான். அதிகாலை 2-லிருந்து 6 வரை உடம்பு எல்லாவற்றையும் தணித்து வைக்கும் நேரம் வேறு. நாம் தரையிறங்குவது பெரும்பாலும் அதற்குள்தான்.

அதனால் பகலில் ஒரு தூக்கம் கட்டாயம். எப்போது என்பதில்தான் நிறைய பேர் தப்பு செய்கிறார்கள். "ஏழு மணிக்குப் படுத்து ஒன்பதுக்கு எழுந்துக்கறேன்" என்பார்கள், வராது. சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை உடம்பு நன்றாக விழித்திருக்கும் நேரம், புரண்டுகொண்டுதான் கிடப்பீர்கள். மதியம் சாப்பிட்ட பிறகு தானாக ஒரு மந்தம் வருமே, ஒன்றரையிலிருந்து நான்கு வரை, அதைப் பிடியுங்கள். ஒன்றரை மணி நேரமாவது கிடைத்தால் நல்லது.

சரி, கத்திரி வெயிலில் வேலூரில் மதியம் தூங்குவதா என்றால், மாடி ரூமை மறந்துவிடுங்கள். மொட்டை மாடித் தளம் குடித்த சூடு கீழே இறங்குகிற ரூமில் ஃபேன் அனல் காற்றைத்தான் சுற்றும். எங்கள் வீட்டில் கீழ்த்தளத்தில் வடக்குப் பார்த்த சின்ன ரூம், அரிசி மூட்டை வைக்கிற இடம், அதுதான் என் படுக்கையறை. ஜன்னலில் பழைய கறுப்புப் போர்வையை ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன், ஓரத்தில் வெளிச்சம் கசியும் இடத்தில் அட்டை. ஆடி மாதம் அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கருக்கு மட்டும் மருந்து இல்லை, காதில் பஞ்சு நுரை அடைப்பானும் ஃபேன் சத்தமும் பாதி காப்பாற்றும்.

வீட்டுக்காரர்களைப் பழக்குவது இதைவிடப் பெரிய வேலை. பத்திரிகை வைக்க வந்த பெரியம்மா, "பகல்லயே தூங்குறான், உடம்பு சரியில்லையா?" என்று கதவைத் தட்டி நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். இப்போது ரோஸ்டரைக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டுவிடுகிறேன், தூங்கும் நேரத்தைச் சிவப்பில் வட்டமிட்டு.

காபி குடிக்கலாம். வேலை செய்ய இருபது, முப்பது நிமிடம் ஆகும், ஐந்து மணி நேரம் கழித்தும் பாதி உள்ளேயே இருக்கும். காலை 9 மணிக்குப் படுக்க வேண்டுமென்றால் அதிகாலை 3 மணிக்கு மேல் தொடாதீர்கள். சளிக்கு வீட்டில் கிடக்கும் மாத்திரையையும் விமான மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள், பல மாத்திரைகள் தூக்கம் தரும்.

எங்கே குட்டித்தூக்கம் போட்டாலும், எழுந்ததும் முடிவெடுக்கும் வேலையில் கை வைக்கக் கூடாது, மூளை தெளிய இருபது நிமிடமாவது வேண்டும். 2010 மே 22 அதிகாலை மங்களூரில் 158 பேர் இறந்த விமான விபத்தில், கேப்டன் பறக்கும்போதே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருந்தார், அந்தத் தூக்கக் கலக்கம் அவர் கணிப்பைப் பாதித்திருக்கலாம் என்று விசாரணை சொன்னது.

விதிகள் மாறியிருக்கின்றன. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2024 ஜனவரியில் வெளியிட்ட விதியில் பைலட்டுகளின் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது. அந்த 48-ல் எவ்வளவு தூக்கம் என்பது உங்கள் பாடு, அதிலேயே மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து என்று போய் நின்றால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. முடியவில்லை என்றால் ஃபட்டீக் ரிப்போர்ட் (களைப்பு அறிக்கை) எழுதுங்கள், தயங்காமல். "டயர்டாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. எத்தனை மணிக்கு எழுந்தேன், கடந்த இரண்டு நாளில் எவ்வளவு தூங்கினேன் என்று எண்ணோடு எழுதுங்கள்.

கடைசியாக, ட்யூட்டி முடிந்து கார் எடுத்துக்கொண்டு நேராக வேலூர் வராதீர்கள். ஒருநாள் காலை தாமல் ஏரியைப் பார்த்தேன், அடுத்து கண்ணில் பட்டது வாலாஜா டோல்கேட், நடுவில் காவேரிப்பாக்கம் எங்கே போனது என்று இன்று வரை தெரியாது. அன்றிலிருந்து பல்லாவரத்தில் நண்பன் ரூமில் தூங்கி எழுந்து, மதிய ரயிலில்தான் வருகிறேன். ரயிலிலும் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஜோலார்பேட்டையில்தான் இறங்க வேண்டியிருக்கும்.