கனடாவில் வீடு வாங்கும் மதுரைப் பிள்ளைகளுக்கு: ஃபர்னஸுக்கும் ஏசிக்கும் இப்போதே காசு ஒதுக்குங்கள்

மதுரையிலிருந்தும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமிருந்தும் கனடாவுக்குப் போய், சில வருஷம் வாடகைக்கு இருந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசில் டொராண்டோவைச் சுற்றி முதல் வீடு வாங்குகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பல வருஷம் டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் குடும்பத்தோடு இருந்துவிட்டு இப்போது மதுரை அண்ணா நகரில் இருக்கிறேன். எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும், “பையன் அங்க வீடு வாங்கியிருக்கான், ஹீட்டர் போயிடுச்சாம், பத்தாயிரம் டாலர் கேக்குறாங்களாம், நிஜமாண்ணே?” என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். நிஜம்தான். சில வீடுகளில் அதற்கு மேலும் ஆகும்.

இங்கே ஏசி என்றால் படுக்கையறைக்கு ஒன்று. கெட்டுப்போனால் மெக்கானிக் வரும்வரை ஃபேனைப் போட்டுச் சமாளித்துவிடலாம். அங்கே வீடு முழுவதற்கும் ஒரே ஏற்பாடு: தரைக்குக் கீழே பேஸ்மெண்டில் கேஸில் எரிந்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், வெளியே ஏசி யூனிட், இரண்டின் காற்றும் ஒரே டக்ட், அதாவது காற்றுக் குழாய், வழியாக எல்லா அறைக்கும் போகும். கத்திரி வெயிலில் மதுரையில் 40 டிகிரி அடித்தாலும் அறையை 25-இல் வைத்தால் 15 டிகிரிதான் வித்தியாசம். டொராண்டோவில் ஜனவரி இரவில் வெளியே மைனஸ் 20-க்குப் போனால், உள்ளே 21 வேண்டும், ஆக 41 டிகிரியை அந்த ஃபர்னஸ் இழுத்துப் பிடிக்க வேண்டும். அது நின்றால் குளிரோடு விஷயம் முடியாது. தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்து, சுவரும் தரையும் நாசமாகும் அளவுக்குப் போகலாம். அந்த நேரத்தில் யார் என்ன விலை சொன்னாலும் தலையாட்டத்தான் தோன்றும்.

அதனால் வீட்டுச் சாவி கைக்கு வந்த வாரமே பேஸ்மெண்டுக்கு இறங்குங்கள். முதலில் ஃபர்னஸின் சுவிட்சை அணைத்துவிட்டு முன்பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். உள்ளே பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மாடல் எண், சீரியல் எண், சிலவற்றில் தயாரித்த தேதியும் இருக்கும். டார்ச் அடித்து அதை ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தேதி இல்லாவிட்டால் சீரியல் எண்ணை வைத்தே எந்த வருஷத்தது என்று கண்டுபிடித்துவிடலாம். வெளியே ஏசி யூனிட்டின் பின்புறத்திலும் இதே மாதிரி இருக்கும். அதில் குளிரூட்டும் கேஸ் எது என்று பாருங்கள். ஆர்-22 என்று போட்டிருந்தால் அது பழைய காலத்தது, 2020-இலிருந்து கனடாவுக்குள் புதிதாக வருவதே நின்றுவிட்டது, கசிந்தால் அதற்குக் காசைக் கொட்டி நிரப்பாதீர்கள், புது மெஷினுக்கு அந்தக் காசை வையுங்கள்.

ஃபர்னஸ் பொதுவாக 15 முதல் 20 வருஷம் ஓடும், ஏசி 10 முதல் 15. விலை வீட்டையும் மெஷினையும் பொறுத்தது. மனசில் வைத்துக்கொள்ள ஒவ்வொன்றுக்கும் 4,000 முதல் 8,000 கனடா டாலர், இரண்டும் சேர்த்து மாற்றினால் 8,000 முதல் 15,000. இதற்கு மேல் 13 சதவீதம் எச்எஸ்டி என்ற விற்பனை வரி. நம்ம டவுன்ஹால் ரோட்டுக் கடையில் சொல்லும் விலை வரியோடு சேர்த்தது. அங்கே கோட்டேஷனில் வரி தனியாகக் கடைசியில்தான் வரும், 10,000 என்று கையெழுத்துப் போட்டால் 11,300 கட்டுவீர்கள். இப்போது உங்கள் கணக்கைப் போடுங்கள். ஃபர்னஸுக்கு 12 வயசு, இன்னும் 6 வருஷம் ஓடும் என்று வைத்தால், 12,000 டாலரை 72 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 170 டாலர் மாதிரி வரும். ஊரில் சீட்டுக் கட்டுவது போல அதைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள், வீட்டுக் கடன் தவணையோடு சேர்த்தே அதையும் செலவாக நினையுங்கள். முடியாவிட்டால் 100 ஆவது போடுங்கள்.

சரி, எந்த மெஷின்? “பத்துக்குப் பன்னிரண்டு ரூமா, ஒரு டன் போதும்” என்று இங்கே சொல்வது போல அங்கேயும் வீட்டின் சதுர அடியை மட்டும் கேட்டுவிட்டு அளவு சொல்கிறவரை நம்பாதீர்கள். ஜன்னல், சுவர், மேல்தள இன்சுலேஷன் எல்லாம் பார்த்துக் கணக்கிட வேண்டும்; கனடாவில் அதற்கு எஃப்-280 என்று ஒரு முறை இருக்கிறது, அமெரிக்காவில் மேனுவல் ஜே. அதைச் செய்வீர்களா என்று கேளுங்கள். பெரிதாக வாங்கினால் நல்லது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அளவுக்கு மீறிய மெஷின் சட்டென்று சூடாக்கி நின்றுவிடும், மறுபடி ஓடும், மறுபடி நிற்கும்; அறைக்கு அறை சூடு மாறும், மெஷினும் சீக்கிரம் தேயும். கோடையில் ஏசி அப்படி ஓடினால் ஈரப்பதம் போகாமல் வீடு பிசுபிசுவென்று இருக்கும்.

ஏசி மட்டும் போய், ஃபர்னஸ் நன்றாக இருந்தால் ஏசிக்குப் பதிலாக ஹீட் பம்ப் போடுவதை யோசியுங்கள். கோடையில் குளிரூட்டும், லேசான குளிரில் அதே யூனிட் திருப்பி ஓடி வீட்டைச் சூடாக்கும், கடுங்குளிரில் ஃபர்னஸ் பார்த்துக்கொள்ளும். இதற்கு ரெபேட், அதாவது செலவில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் சலுகை, கிடைக்குமா என்று வேலை தொடங்கும் முன்பே பாருங்கள், சில திட்டங்களில் முடித்த பிறகு போய்க் கேட்டால் கிடைக்காது. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒன்று: ஹீட் பம்புக்கு 2,000 டாலர் வரை கிடைத்த ஃபெடரல் வரிச் சலுகை 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது, அதை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

எனக்கு நெஞ்சு கொதிக்கிற விஷயம், ஃபர்னஸையும் ஏசியையும் வாங்காமல் வாடகைக்கு எடுக்கிற ஒப்பந்தம். கையில் காசில்லாத நேரம் பார்த்து, “ஒரு டாலர்கூட முன்பணம் வேண்டாம், மாதம் நூற்றுச் சொச்சம்தான்” என்பார்கள். பத்து வருஷம் கட்டினால் மெஷினின் விலையைப் போல இரண்டு மடங்கு கட்டியிருப்பீர்கள், வீட்டை விற்கும்போது அதை முடித்துக்கொடுக்கத் தனியாக ஒரு தொகை கேட்பார்கள். ஒண்டாரியோவில் வீடு வீடாக வந்து ஃபர்னஸ், ஏசி விற்பதை 2018 மார்ச் 1-இலிருந்தே தடை செய்துவிட்டார்கள். அப்படி யாராவது கதவைத் தட்டி “இன்ஸ்பெக்ஷன்” என்றால் உள்ளே விடாதீர்கள், கேஸ் பில்லைக் காட்டவே காட்டாதீர்கள். வீடு வாங்கும்போது ஒப்பந்தத்தில் வாடகைப் பொருட்கள் என்ற பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று வக்கீலிடம் வாயைத் திறந்து கேளுங்கள்.

மாற்றுவதாக இருந்தால் ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபரில் செய்யுங்கள், அவர்களுக்கும் வேலை குறைவு, பேரம் பேச இடம் இருக்கும். மூன்று பேரிடம் எழுத்தில் கோட்டேஷன் வாங்குங்கள். பழையதை எடுத்துப்போவது, பெர்மிட், டக்ட் வேலை, தெர்மோஸ்டாட் இதெல்லாம் அதில் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கேஸ் வேலை செய்கிறவருக்கு ஒண்டாரியோவின் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்எஸ்ஏ-யின் சான்றிதழ் இருக்க வேண்டும். தெரிந்த பையன் பாதி விலைக்குச் செய்து தருவான் என்றாலும் சான்றிதழ் இல்லாமல் வேண்டாம், ஃபர்னஸ் சரியாக எரியாவிட்டால் வரும் விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூங்குகிற அறைகளுக்குப் பக்கத்தில் அதற்கான அலாரம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

அப்புறம் வாரண்டி. பத்து வருஷம் என்பது பெரும்பாலும் உதிரி பாகத்துக்குத்தான், கூலிக்குத் தனி. அதுவும் மாட்டிய 60 அல்லது 90 நாளுக்குள் கம்பெனியில் பதிவு செய்தால்தான் பல கம்பெனிகளில் முழுசாகக் கிடைக்கும். மாட்டுகிறவர் பதிவு செய்துவிடுவார் என்று விட்டுவிடாமல் அன்று இரவே நீங்களே பதிவு செய்து, பில்லையும் ஸ்டிக்கர் ஃபோட்டோவையும் ஒரே இடத்தில் போட்டு வையுங்கள்.