ஜைரோவை அணைத்துப் பார்த்தீர்களா? ரிமோட்டில் பறக்கும் குட்டிப் போர் விமானத்தை ரிவ்யூ செய்யும் முறை

பெட்டியைப் பிரித்து நாலு படம் எடுத்து, ரெண்டு ரவுண்டு பறக்கவிட்டு "சூப்பர்" என்று எழுதினால் அது ரிவ்யூ இல்லை, விளம்பரம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினேன். அதை நம்பி வாங்கிய நண்பர், ஜைரோவை (விமானம் ஆடினால் தானாகவே நிலைப்படுத்தும் கருவி) அணைத்த பத்தாவது விநாடியில் விமானத்தை மண்ணில் குத்தினார். நான் அதை அணைத்தே பார்த்ததில்லை.

சரி, தராசிலிருந்து தொடங்குங்கள். பேட்டரியோடு எடை போடுங்கள். இவ்வளவு சின்ன விமானத்தில் ஐந்து கிராம் கூடினாலும் தரையிறங்கும் வேகத்தில் தெரியும். அப்புறம் கையேட்டில் சொன்ன இடத்தில் இரண்டு விரல் நுனியால் இறக்கையைத் தாங்கிப் பாருங்கள். வால் பக்கம் தொங்கினால் பேட்டரியை முன்னே தள்ள வேண்டும், தள்ள இடமே இல்லையென்றால் அதையும் எழுதுங்கள்.

இரண்டாம் உலகப் போர் விமானமான நிஜ பி-51டி மஸ்டாங்கின் இறக்கை நீளம் 11.28 மீட்டர், அதையே 400 மில்லிமீட்டரில் செய்தால் கிட்டத்தட்ட 28-இல் ஒரு பங்கு. விமானத்தைச் சுருக்கலாம், காற்றைச் சுருக்க முடியாதே! அதனால் வாலைக் கொஞ்சம் பெரிதாக்கியிருப்பார்கள், இறக்கை நுனியைக் கொஞ்சம் தூக்கியிருப்பார்கள், அதைக் குறை சொல்லாதீர்கள். ஆனால் ஸ்பிட்ஃபயர் என்று பெயர் போட்டுவிட்டு அந்த நீள்வட்ட இறக்கையைக் கட்டம் கட்டமாக வெட்டியிருந்தால் விடாதீர்கள்.

காற்று அடங்கிய நேரமாகப் பார்த்து, முதல் பேட்டரியை ஜைரோவோடு பறக்கவிட்டு ட்ரிம்மை (கையை எடுத்தாலும் நேராகப் பறக்கவைக்கும் சின்னத் திருத்தம்) சரிசெய்யுங்கள். அடுத்ததில் நல்ல உயரத்துக்குப் போய் ஜைரோவை அணையுங்கள். திராட்டிலை (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சி) சட்டென்று முழுக்கத் தள்ளினால் விமானம் இடப்பக்கம் உருளப் பார்க்கும் (புரொப்பெல்லர், பின்னாலிருந்து பார்த்தால், வலஞ்சுழியாகச் சுற்றுகிறது என்றால்), எவ்வளவு என்று பாருங்கள். முக்கியமான சோதனை இனிமேல்தான்: திராட்டிலைக் குறைத்து, எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) மெதுவாக இழுத்துக்கொண்டே உயரம் இறங்காமல் பிடித்திருங்கள். மூக்கு நேராகத் தாழ்ந்தால் சமர்த்து விமானம். ஒரு பக்க இறக்கை மட்டும் பொத்தென்று விழுந்தால், தரையிறங்க வரும் கடைசித் திருப்பத்தில் வாங்கியவரைக் கவிழ்க்கப் போவது அதுதான், ஜைரோ ஓடும்போது இது பாதிக்குமேல் மறைந்துவிடும். இதே சோதனையை மூன்று தடவையாவது செய்யுங்கள், ஒரு தடவை விழுந்தது உங்கள் கைப்பிழையாகவும் இருக்கலாம்.

பறக்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள், எந்த அளவு திராட்டிலில் என்பதையும் சேர்த்து, அது இல்லாமல் நிமிடக் கணக்குக்கு அர்த்தமில்லை. மோட்டார் பிரஷ் வகையாக (உள்ளே கரித்துண்டு உரசி ஓடுவது) இருந்தால் தேயும், ஆகவே குறைந்தது பத்துப் பேட்டரி ஓட்டிவிட்டு மேலேறும் வேகம் குறைகிறதா என்று பார்த்தபின் எழுதுங்கள்.

உடைவதைச் சோதிக்க வேண்டுமென்றே மோத வேண்டாம், அது தானாகவே நடக்கும். நடந்ததும் எது முதலில் உடைந்தது, ஃபோமுக்குப் பசை பிடித்ததா, மாற்று புரொப்பெல்லர் பெட்டியிலேயே இருந்ததா என்று எழுதிவிடுங்கள்.