நாஜிகளின் கலைத் திருவிழா: வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மியூனிக் நகரில் நாஜிகள் நடத்திய ‘ஜெர்மன் கலை நாள்’ ஊர்வலப் படங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. வைக்கிங் கப்பல், குதிரை வீரர்கள், பழங்கால உடையில் பெண்கள், தெரு முழுக்கக் கொடிகள். 1939 ஊர்வலத்தைத் தனிநபர் ஆர்வலர்கள் வண்ணத்திலேயே படம்பிடித்திருக்கிறார்கள். கண்ணைப் பறிக்கும் காட்சிகள்தான். அவற்றைத் தனியே வெட்டியெடுத்துப் பார்ப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறும் மிகப் பெரிய தவறும்.

1937 ஜூலை 18 அன்று, அரசு போற்றிய கலைக்கான கண்காட்சியோடு ஜெர்மன் கலை மாளிகையை ஹிட்லர் திறந்துவைத்தார். ‘ஜெர்மானியப் பண்பாட்டின் 2,000 ஆண்டுகள்’ என்ற ஊர்வலத்தில் 3,000-க்கும் மேற்பட்டோர் வேடமிட்டு நடந்தார்கள். மறுநாளே, சில நூறு மீட்டர் தள்ளி, நவீன கலையை இழிவுபடுத்த ‘சீரழிந்த கலை’ என்ற கண்காட்சி தொடங்கியது. அதற்காக ஓவியர் அடால்ஃப் சீக்லர் தலைமையிலான குழு அருங்காட்சியகங்களுக்குள் புகுந்து மூன்றே வாரங்களுக்குள் நூற்றுக்கணக்கான நவீன ஓவியங்களை அள்ளி வந்திருந்தது. குறுகிய அறைகளில் நெருக்கடியாக மாட்டி, சுவரெங்கும் ஏளன வாசகங்களை எழுதி வைத்தார்கள். பணத்தின் மதிப்பே சரிந்துகிடந்த பணவீக்கக் காலத்தில் ஓவியங்களுக்குக் கொடுத்த பெருந்தொகையை விளக்கமின்றி அப்படியே குறிப்பிட்டு, உழைக்கும் மக்களின் வரிப்பணம் இப்படிப் போனது என்று கோபமூட்டினார்கள்.

அடுத்த ஆண்டு இன்னும் கொடியது. 1938 ஜூனில் மியூனிக்கின் பெரிய யூதத் தொழுகைக்கூடத்தை ஹிட்லரின் ஆணைப்படி இடிக்கத் தொடங்கினார்கள். ஜூலையில் வரும் கலை விழாவுக்குள் அது கண்ணில் படாமல் போக வேண்டும் என்பது ஏற்பாடு. நாடெங்கும் யூதத் தொழுகைக்கூடங்கள் எரிந்த நவம்பர் இரவுக்கு ஐந்து மாதம் முன்பு, ஒரு கலை விழாவின் பெயரால் இது நடந்தது. ஊர்வலத்தின் கடைசியில் ராணுவமும் நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படையும் அணிவகுத்ததையும் பலர் வெட்டிவிட்டே படத்தைப் பகிர்கிறார்கள். அந்தப் பகுதியையும் சேர்த்துப் பாருங்கள். விழா எதற்காக நடந்தது என்பது புரியும்.

வருகைக் கணக்கை மக்களின் மனவிருப்பமாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. ‘சீரழிந்த கலை’யை மியூனிக்கில் மட்டும் 20 லட்சம் பேர் பார்த்தார்கள், அரசு போற்றிய கண்காட்சிக்கு வந்த கூட்டம் அதைவிட மிகக் குறைவு. இதை வைத்து, மக்கள் ரகசியமாக நவீன கலையை நேசித்தார்கள் என்று எழுதுவோர் உண்டு. அவர்கள் அப்படி நம்ப விரும்புவது எனக்குப் புரிகிறது, ஆனால் ஆதாரம் போதாது. அனுமதி இலவசம். திட்டிச் சிரிக்க வந்தவரும் இருந்தார், கடைசியாக ஒருமுறை பார்த்துவிட வந்தவரும் இருந்தார். எண்ணிக்கை இருவரையும் பிரித்துக் காட்டாது. தெருவோரம் கையுயர்த்திய கூட்டமும் அப்படித்தான். அத்தனை பேரும் பக்தர்கள் என்றோ, அத்தனை பேரும் மிரட்டப்பட்டவர்கள் என்றோ படத்தைப் பார்த்து முடிவுகட்ட முடியாது. படங்களும் நடுநிலையானவை அல்ல: அதிகாரபூர்வப் படங்களை எடுத்தவர்களில் முதன்மையானவர் ஹிட்லரின் சொந்தப் புகைப்படக்காரர் ஹைன்ரிஷ் ஹோஃப்மன். அரசுக் கண்காட்சிக்கு ஓவியங்களைத் தேர்ந்தெடுத்ததிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆட்சியாளர்களிடம் தெளிவான கலைக்கொள்கை இருந்தது என்று நம்பிவிடவும் வேண்டாம். சிற்பி ருடால்ஃப் பெல்லிங்கின் படைப்புகள் ஒரே நேரத்தில் இரண்டு கண்காட்சிகளிலும் இருந்தன: குத்துச்சண்டை வீரர் ஷ்மெலிங்கின் சிலை ‘நல்ல’ பக்கத்தில், வேறு சிற்பங்கள் ‘சீரழிந்த’ பக்கத்தில். இழிவுபடுத்தப்பட்டோர் எல்லாரும் யூதர்கள் என்று எழுதுவதும் பிழை. அங்கே காட்டப்பட்ட 112 கலைஞர்களில் யூதர்கள் ஆறு பேர்தான். மற்றவர்களையும் ‘யூதத் தன்மை’ என்ற முத்திரையால் அடித்ததுதான் அந்தப் பிரச்சாரத்தின் வேலை.

தாக்கப்பட்டவர் எல்லாரும் எதிர்ப்பாளர்கள் என்று கருதுவது, நல்லெண்ணத்தோடு நாம் செய்யும் தவறு. அருங்காட்சியகங்களிலிருந்து மிக அதிகமாகப் பறிக்கப்பட்டவை நவீன ஓவியர் எமில் நோல்டேயின் படைப்புகள், 1,000-க்கும் மேல். அவரோ நாஜிக் கட்சி உறுப்பினர், யூத வெறுப்பாளர். 1938 இல் நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸுக்கே கடிதம் எழுதித் தன் விசுவாசத்தை வலியுறுத்தினார். போருக்குப் பின் ஒடுக்கப்பட்ட கலைஞராக மட்டுமே தன்னைக் காட்டிக்கொண்டார். பல பத்தாண்டுகள் அந்தப் பிம்பம் நிலைத்தது. 2019 இல் பெர்லினில் நடந்த கண்காட்சி அவரது நாஜிச் சார்பை ஆவணங்களோடு வெளிக்கொண்டுவந்தது. அப்போது ஜெர்மன் பிரதமர் அங்கேலா மெர்க்கல் தன் அலுவலகத்திலிருந்த இரண்டு நோல்டே ஓவியங்களை அகற்றினார். மீண்டும் அங்கே மாட்டவில்லை.