அமெரிக்க வலதுசாரிக் கட்டுரைகளை வாசிப்பது எப்படி? வெளிநாட்டுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்கப் பழமைவாதப் பத்திரிகைகளைப் புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவருக்கு அங்கே எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுவதுபோலத்தான் தோன்றும். வரியைக் குறை, எல்லையை இறுக்கு, நீதிபதிகள் சட்டம் இயற்றக் கூடாது, பள்ளிக்கூடத்தில் அரசியல் வேண்டாம். நாலு கட்டுரை படித்தால் ஐந்தாவதை நாமே எழுதிவிடலாம்.

ஆனால் பேச்சு உக்ரைன், ஈரான், சீனா என்று போனதும் அதே ஆட்கள் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிடுவதைப் பார்க்கலாம். யார் எந்த வகைப் பழமைவாதி என்பது அங்கேதான் வெளிச்சமாகும். அதனால் புதியவர்களுக்கு நான் சொல்லும் வழி கொஞ்சம் தலைகீழானது: வெளியுறவுக் கட்டுரையை முதலில் படியுங்கள், உள்நாட்டுக்கு அப்புறம் வாருங்கள். அவர்களோடு உடன்படுகிறோமா இல்லையா என்பது வேறு விஷயம். என்ன சொல்கிறார்கள் என்று புரியாமல் உடன்படவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

படி 1: செய்தியா, கருத்தா என்று பாருங்கள்

இது சின்ன வேலைதான், ஆனால் பலர் இங்கேயே தடுக்கி விழுகிறார்கள். வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் செய்திப் பிரிவு தனி, தலையங்கப் பிரிவு தனி. வலதுசாரிச் சாய்வு உள்ளது தலையங்கப் பக்கம்தான். செய்திப் பக்கத்தில் வந்ததை ‘வலதுசாரிகள் இப்படிச் சொல்கிறார்கள்’ என்று பகிர்வது தவறு. கட்டுரையின் மேலே ‘கருத்து’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

படி 2: குடும்ப வரலாறு கொஞ்சம்

1955-இல் வில்லியம் பக்லி ‘நேஷனல் ரிவ்யூ’ இதழைத் தொடங்கினார். அப்போது வலதுபக்கம் சிதறிக் கிடந்தவர்கள் மூன்று வகை: சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்பவர்கள், மதமும் குடும்பமும் முக்கியம் என்பவர்கள், கம்யூனிசத்தை எங்கே கண்டாலும் எதிர்க்க வேண்டும் என்பவர்கள். மூவரையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவர அந்த இதழ் பாடுபட்டது. 1980 தேர்தலில் குடியரசுக் கட்சியின் ரீகன் வென்றபோது அந்தக் கூட்டணி ஆட்சிக்கே வந்துவிட்டது.

மூவரையும் சேர்த்துக் கட்டிய கயிறு சோவியத் ஒன்றியம். அது 1991-இல் உடைந்ததும் கட்டும் தளர்ந்தது. பத்தி எழுத்தாளர் பேட் புக்கானன் 1992-இல் சொந்தக் கட்சியின் அதிபரான அப்பா புஷ்ஷையே எதிர்த்துக் களமிறங்கினார். வெளிநாட்டுப் போர் வேண்டாம், தாராள இறக்குமதி வேண்டாம், குடியேற்றத்தைக் குறை என்பது அவர் நிலைப்பாடு. எதிர்ப்பக்கத்தில் ‘நியோகான்’ என்று அழைக்கப்பட்டவர்கள். அமெரிக்கப் பலத்தைக் கொண்டு உலகை ஒழுங்குபடுத்தலாம் என்று நம்பியவர்கள். 1995-இல் தொடங்கிய ‘வீக்லி ஸ்டாண்டர்ட்’ அவர்களுடைய கோட்டை. 2003 ஈராக் போரை அது முழுமூச்சாக ஆதரித்தது. புக்கானனும் நண்பர்களும் 2002-இல் தொடங்கிய ‘தி அமெரிக்கன் கன்சர்வேட்டிவ்’ அந்தப் போரை எதிர்த்தது. போர் எதிர்ப்பென்றால் இடதுசாரிகள் வேலை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

‘வீக்லி ஸ்டாண்டர்ட்’ 2018-இல் மூடப்பட்டது. புக்கானன் 1992-இல் பேசியதில் பாதியை 2016-இல் டிரம்ப் பேசி ஜெயித்தார். இவ்வளவு தெரிந்தால் தொடங்கப் போதும்.

படி 3: ஒரே ஒரு வாக்கெடுப்பை எடுத்துப் பிரித்துப் பாருங்கள்

கட்டுரைகளை மட்டும் படித்துக்கொண்டிருந்தால் குழப்பம்தான் மிஞ்சும். நாடாளுமன்ற வாக்கெடுப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் தெளிவு கிடைக்கும். பயிற்சிக்கு நான் சிபாரிசு செய்வது 2024 ஏப்ரல் 20.

அன்று பிரதிநிதிகள் சபையில் சபாநாயகர் மைக் ஜான்சன் வெளிநாட்டு உதவியை ஒரே மூட்டையாக வைக்காமல் தனித்தனி மசோதாக்களாகப் பிரித்து வாக்கெடுப்புக்கு விட்டார். நமக்கு இது பெரிய வசதி. உக்ரைனுக்குச் சுமார் 61 பில்லியன் டாலர்: 311-112 என்று நிறைவேறியது. எதிர்த்த 112 பேரும் குடியரசுக் கட்சியினர். ஆதரித்த குடியரசுக் கட்சியினர் 101 பேர். அதாவது சபாநாயகரின் சொந்தக் கட்சியில் பாதிக்கு மேற்பட்டோர் அவருக்கு எதிராக வாக்களித்தார்கள். அதே நாளில் தைவான் உள்ளிட்ட இந்தோ-பசிபிக் உதவி 385-34 (எதிர்த்த 34 பேரும் குடியரசுக் கட்சியினர்) என்றும், இஸ்ரேல் உதவி 366-58 என்றும் நிறைவேறின. இஸ்ரேல் மசோதாவை எதிர்த்த குடியரசுக் கட்சியினர் 21 பேர்தான்.

112, 34, 21. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். ‘வலதுசாரிகளுக்கு வெளிநாட்டு உதவியே பிடிக்காது’ என்ற விளக்கம் இதில் நிற்காது. அப்படியானால் மூன்று எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

இப்போது அந்த வாரத்துக் கட்டுரைகளுக்குப் போங்கள். ஆதரித்தவர்களின் வாதம்: மாஸ்கோவைத் தடுப்பது ரீகன் வழி, பணத்தின் பெரும்பகுதி அமெரிக்க ஆயுத ஆலைகளுக்குத்தான் திரும்பி வருகிறது, அமெரிக்கச் சிப்பாய் ஒருவரும் சாகவில்லை. ஜான்சன் முதலில் உக்ரைன் உதவியை எதிர்த்து வந்தவர். கடைசியில் அவர் சொன்ன காரணத்தில் இந்த மூன்றாவது வாதம்தான் இருந்தது. தன் மகன் கடற்படைக் கல்லூரியில் சேரப் போகிறான், அமெரிக்கப் பையன்களை அனுப்புவதைவிட உக்ரைனுக்குத் தோட்டா அனுப்புவது மேல் என்றார்.

எதிர்த்தவர்களுக்குள் இரண்டு வகை இருந்ததைக் கவனியுங்கள். ஒரு வகை, ‘நம் தெற்கு எல்லையே திறந்து கிடக்கிறது, கடன் 34 டிரில்லியனைத் தாண்டிவிட்டது, ஐரோப்பாவின் சண்டைக்கு ஐரோப்பா பணம் கொடுக்கட்டும்’ என்றது. இன்னொரு வகைக்குச் சண்டை பற்றித் தயக்கமே இல்லை. எதிரி சீனா, ஆயுதக் கையிருப்பு குறைவு, அதைத் தைவானுக்கு வையுங்கள் என்பதுதான் அவர்கள் வாதம். பாதுகாப்புக் கொள்கை வல்லுநர் எல்பிரிட்ஜ் கோல்பி போன்றவர்கள் இந்த வகை. இரண்டும் ‘உக்ரைனுக்கு வேண்டாம்’ என்ற ஒரே வரியில் முடிவதால் புதியவர்கள் ஒன்றாகக் கலக்கிவிடுகிறார்கள். கட்டுரையில் தைவான் வருகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

படி 4: ‘போரை யார் முடிவு செய்வது?’ என்று கேளுங்கள்

2025 ஜூன் 22 அன்று அமெரிக்கப் படைகள் ஈரானின் ஃபோர்டோ, நடான்ஸ், இஸ்ஃபஹான் அணுசக்தி நிலையங்களைத் தாக்கின. அதற்குச் சில நாள் முன்பு வலதுசாரி ஊடகப் பிரபலம் டக்கர் கார்ல்சன், குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸைப் பேட்டி கண்டார். ஈரானின் மக்கள்தொகை எவ்வளவு என்று கேட்டார். குரூஸுக்குத் தெரியவில்லை. ஆட்சியைக் கவிழ்க்க வேண்டும் என்கிறீர்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாதா என்று பிடித்துக்கொண்டார் கார்ல்சன். ஒரே கட்சி, ஒரே வாசகர் கூட்டம், ஆனால் இருவருக்கும் நடுவில் இருந்தது கடல். இந்தத் துண்டு இணையம் முழுக்கப் பரவியது. பார்க்க ரசமாகத்தான் இருக்கும், ஆனால் அதைவிட முக்கியமான வாதம் சத்தமில்லாமல் வேறு இடத்தில் நடந்தது.

அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் கூறு, எட்டாம் பிரிவு, போர் அறிவிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கிறது. அந்த அடிப்படையில் கென்டக்கியின் குடியரசுக் கட்சி உறுப்பினர் தாமஸ் மாஸி, ஜனநாயகக் கட்சியின் ரோ கன்னாவோடு சேர்ந்து, அதிபரைக் கட்டுப்படுத்தும் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவந்தார். மாஸி கட்சிக்குள் தீவிர வலதுசாரி என்று பெயர் எடுத்தவர். எழுதிய சாசனத்தை அப்படியே காப்பது பழமைவாதம் என்றால் அவர் செய்ததுதான் பழமைவாதம். ‘எதிரியின் முன் அதிபரின் கையைக் கட்டாதே’ என்பதும் நீண்ட காலப் பழமைவாத நிலைப்பாடுதான். எனக்கு மாஸி பக்கம் வாதம் வலுவாகப் படுகிறது. ஆனால் கட்டுரையாளர் எந்தப் பக்கம் என்பதைக் குறிப்பதுதான் இந்தப் படியில் உங்கள் வேலை.

படி 5: இப்போது உள்நாட்டுக்கு வாருங்கள்

வெளியுறவில் ஒருவர் நிற்கும் இடம் தெரிந்துவிட்டால், உள்நாட்டுக் கட்டுரைகளில் முன்பு கேட்காத சுருதிபேதம் கேட்கத் தொடங்கும்.

இறக்குமதி வரியை எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்பின் வரிகளை வால் ஸ்ட்ரீட் ஜர்னல் தலையங்கப் பக்கம் விடாமல் சாடியது. ஓரன் காஸ் தொடங்கிய ‘அமெரிக்கன் காம்பஸ்’ என்ற கொள்கை ஆய்வு அமைப்பு தொழிற்சாலை ஊர்களின் பெயரால் வரியை ஆதரித்தது. போர் வேண்டாம் என்பவர்கள் பெரும்பாலும் வரி வேண்டும் என்பார்கள், புக்கானன் காலத்திலிருந்தே அப்படித்தான். ஆனால் இதைச் சூத்திரமாக வைத்துக்கொள்ளாதீர்கள். செனட்டர் ரேண்ட் பால் போரையும் எதிர்ப்பார், வரியையும் எதிர்ப்பார்.

2025 ஜூலை 1 அன்று செனட்டில் டிரம்பின் பெரிய வரி-செலவு மசோதா 50-50 என்று நின்று, துணை அதிபர் வான்ஸின் வாக்கால் நிறைவேறியது. எதிர்த்த மூன்று குடியரசுக் கட்சியினரில் ரேண்ட் பாலும் ஒருவர். அவர் குறை, கடன் கூடுகிறது என்பது. பத்தாண்டில் பற்றாக்குறை சுமார் 3.4 டிரில்லியன் டாலர் கூடும் என்று நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் கணித்தது. ஜனநாயகக் கட்சி ஆட்சியில் கடனைப் பற்றி வாரம் ஒரு கட்டுரை எழுதியவர் அந்த வாரம் என்ன எழுதினார் என்று தேடிப் படியுங்கள். ஒரு பத்தி எழுத்தாளரை எடை போட இதைவிட நல்ல படிக்கல் எனக்குத் தெரியாது.

கருக்கலைப்பு விஷயத்திலும் இப்படித்தான். நாடு தழுவிய கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் நீக்கிய டாப்ஸ் தீர்ப்பு 2022 ஜூன் 24-இல் வரும்வரை எல்லாருக்கும் ஒரே இலக்கு. தீர்ப்பு வந்த பிறகு, மாநிலங்களே முடிவு செய்யட்டும் என்பவர்களும் நாடு முழுக்கத் தடை வேண்டும் என்பவர்களும் பிரிந்தார்கள்.

படி 6: எதைக் காக்கிறார் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

இந்த மரபுக்கு மூலவர் என்று சொல்லப்படுகிறவர் எட்மண்ட் பர்க். பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து 1790-இல் எழுதியதுதான் எல்லாரும் மேற்கோள் காட்டுவது. நமக்கு நெருக்கமானது அதற்கு முந்தையது. 1785 பிப்ரவரி 28 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அவர் ஆற்காடு நவாபின் கடன் பற்றிப் பேசினார். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்களே நவாப் முகமது அலி வாலாஜாவுக்குக் கொழுத்த வட்டிக்குக் கடன் கொடுத்திருந்தார்கள். அந்தக் கடனை விசாரணை இல்லாமல் கர்நாடக (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல, நவாபின் ஆட்சியில் இருந்த தமிழகப் பகுதி) வருவாயிலிருந்து அடைக்க பிரிட்டிஷ் அரசு முடிவு செய்தது. பர்க் அதை எதிர்த்தார்.

அந்தப் பேச்சில் நம் ஊர் ஏரிகள் வருகின்றன. ஆறுகள் நம்பகமில்லாத நாடு, மழையைத் தேக்கித்தான் பிழைக்க வேண்டும், கர்நாடகத்திலும் தஞ்சையிலும் பத்தாயிரம் ஏரிகளுக்குக் குறையாது என்கிறார். தங்களுக்குப் பின்னால் வரப்போகிறவர்களுக்காக அவற்றைக் கட்டிவைத்த மன்னர்களை மக்களின் தந்தையர் என்கிறார். கடன்காரர் வருவாயை உறிஞ்சினால் அவற்றைப் பராமரிக்க ஆள் இருக்காது என்பது அவர் கவலை. இந்தியாவுக்கு வந்தே இராத மனிதர் இவர்.

உங்கள் கையில் உள்ள கட்டுரையிடம் இந்த அளவுக்குத் துல்லியத்தைக் கேளுங்கள். ‘நம் விழுமியங்கள்’ என்றால் எது? சாசனப் பிரிவா, ஒரு ஊரின் தொழிற்சாலையா, டாலரின் மதிப்பா? பெயர் சொல்லத் தெரியாதவர் பெரும்பாலும் கட்சியைத்தான் காக்கிறார்.

படி 7: சொந்தமாக ஒரு பயிற்சி

எச்-1பி விசாவை எடுத்துக்கொள்ளுங்கள், தமிழ் வீடுகளில் இதைப் பேசாத வீடு குறைவு. 2024 டிசம்பரில் சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனைச் செயற்கை நுண்ணறிவு ஆலோசகராக டிரம்ப் அறிவித்ததும் வலதுபக்கத்தில் சண்டை வெடித்தது. எலான் மஸ்க்கும் விவேக் ராமசாமியும் விசாவுக்கு ஆதரவு, டிரம்பின் பழைய ஆலோசகர் ஸ்டீவ் பேனன் எதிர்ப்பு. அமெரிக்கக் கலாச்சாரம் நெடுநாளாகச் சராசரித்தனத்தைக் கொண்டாடிவிட்டது என்று ராமசாமி எழுதியதும், விசாவைப் பற்றி அதுவரை கவலைப்படாதவர்கள்கூடக் கொதித்தார்கள். அந்தக் கலாச்சாரத்தைக் காப்பதுதான் தங்கள் வேலை என்று நினைப்பவர்கள் அவர்கள். 2025 செப்டம்பரில் டிரம்ப், புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்தார்.

அந்தக் கட்டணத்தை ஆதரித்த ஒரு வலதுசாரிக் கட்டுரை, எதிர்த்த ஒரு வலதுசாரிக் கட்டுரை, இரண்டையும் தேடி எடுங்கள். எழுதியவர் பெயரை மறைத்துக்கொண்டு படித்துவிட்டு, இவர் உக்ரைன் மசோதாவுக்கு எப்படி வாக்களித்திருப்பார் என்று ஊகித்து எழுதுங்கள். பிறகு அவருடைய 2024 ஏப்ரல் கட்டுரைகளைத் தேடிச் சரிபாருங்கள்.