டிஸ்கார்ட் விளையாட்டுக் குழுவில் பால்புதுமையருக்கு (LGBTQ+) இடமளிப்பது எப்படி?

2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி சிம்ஸ்’ என்னும் கணினி விளையாட்டு தன்பாலினக் காதலுக்கு இடமளித்தது. 2016இல் வந்த ‘ஸ்டார்டியூ வேலி’யில் நம் கதாபாத்திரம் ஆணோ பெண்ணோ, மணமாகாத பன்னிருவரில் விரும்பிய எவரையும் மணக்கலாம். ஆனால் ஆட்டத்திற்குள் கிடைத்த இந்த இடம், அதை ஆடுவோர் டிஸ்கார்ட் என்னும் உரையாடல் செயலியில் கூடிப் பேசும் குழுவில் தானாகக் கிடைத்துவிடுவதில்லை.

முதலில் குழு விதிகளில், பாலினத்தையும் பாலீர்ப்பையும் வைத்துக் கேலி செய்வது கூடாது என்று வெளிப்படையாக எழுதுங்கள். ‘மரியாதையாகப் பேசவும்’ என்னும் பொதுவான வரி யாரையும் தடுத்ததில்லை.

அடுத்து, செய்திகளைத் தானாக வடிகட்டும் டிஸ்கார்டின் ஆட்டோமாட் வசதியில் தமிழ் வசவுகளை, ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யப்படும் வடிவங்களோடு, நீங்களே சேர்க்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு: ‘ஒன்பது’ என்பது திருநங்கையரை இழிவுபடுத்தும் சொல்லாகவும் வழங்குகிறது, வெறும் எண்ணாகவும் வருகிறது. அதை முற்றிலும் தடுத்தால் ‘ஒன்பது கில் எடுத்தேன்’ என்பவரின் செய்தியும் தடைபடும் என்பதால், அச்சொல்லுக்கு மட்டும் தடையை விடுத்து, நெறியாளர்களுக்கு எச்சரிக்கை வரும்படி அமைத்து, சூழலைப் படித்தபின் முடிவெடுப்பதே சரி.

புதியவரின் குரலைக் கேட்டு ‘ப்ரோ’, ‘சிஸ்டர்’ என்று முடிவு கட்ட வேண்டாம். ‘நீங்கள்’, ‘அவர்’ இரண்டும் பாலினம் காட்டாதவை. தமிழ் தரும் இந்த வசதியை நாம் போதிய அளவு பயன்படுத்துவதில்லை.

புகார் வந்தால் தனிச்செய்தியில் விசாரியுங்கள். புகார் அளித்தவரின் அடையாளத்தைப் பொதுச் சேனலில் ஒருபோதும் வெளியிடாதீர்கள்; அவர் பால்புதுமையர் என்பது அவருடைய வீட்டாருக்கே தெரியாதிருக்கலாம்.