வடித்த தாங்கியும் வெடிக்கும்: கராஜ் வேலைக்குப் புதிதாக வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் பஞ்சிகாவத்தை, மாளிகாவத்தை, கிராண்ட்பாஸ் பக்கத்துச் சிறு கராஜ்களில் இன்று வேலை பழக வரும் பிள்ளைகள், எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை அதே இடங்களில், அதே நம்பிக்கையோடு செய்வதைப் பார்க்கிறேன். செருப்போடு வேலை செய்யாதே, கிரைண்டர் பிடிக்கும்போது கண்ணாடி போடு என்பவற்றை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஆகையால் சொல்லப்படாதவற்றையும், சொல்லியும் கேட்கப்படாத ஒன்றையும் எழுதுகிறேன்.

பெற்றோலை வடித்துவிட்டுத் தாங்கியில் வெல்டிங் பிடிப்பது

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியோ முச்சக்கர வண்டியின் தாங்கியோ துருவேறிக் கசியத் தொடங்கினால், புதியது வாங்க மனமில்லாத உரிமையாளர் அதைக் கழற்றிக்கொண்டு வந்து, "ஒரு பொட்டு வைத்துத் தாருங்கள்" என்பார். பெற்றோலை வடித்து, சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, மணம் இல்லை என்று முகர்ந்தும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள்.

எரிவது திரவமாக இருக்கும் பெற்றோல் அன்று, அதன் ஆவியே. காற்றில் அந்த ஆவி ஏறத்தாழ 1.4 சதவீதத்துக்கும் 7.6 சதவீதத்துக்கும் இடையில் கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டால் போதும். நிறைந்த தாங்கியினுள் ஆவி மிகுந்து காற்றுக் குறைவாக இருப்பதால், உள்ளே அந்தக் கலவை எளிதில் அமையாது. வடித்த தாங்கியிலோ அது தானாகவே அமைந்துவிடுகிறது. கணக்குப் போட்டால், 10 லீற்றர் தாங்கியை வெடிக்கும் நிலைக்குக் கொண்டுவர ஒரு மில்லிலீற்றரை ஒட்டிய பெற்றோலே போதுமானது. அவ்வளவு பெற்றோல் இரு தகடுகள் மடிந்து சேரும் விளிம்பிலும், துருவின் இடுக்குகளிலும், உள்ளே படிந்த பிசினிலும் எத்தனை முறை கழுவினாலும் ஒளிந்திருக்கும். கழுவியபோது வெளிவராதது, வெல்டிங் சூடு ஏறும்போது ஆவியாகி வெளியே வருகிறது. மணம் இல்லை என்று முகர்ந்து பார்த்தது, சூடு ஏறுவதற்கு முன்னர் இருந்த நிலைக்கு மட்டுமே சாட்சி.

எனக்குத் தெரிந்த ஒரு கராஜில் நடந்தது இது. தாங்கியை நன்றாகக் கழுவி, இரண்டு நாள் வெயிலிலும் வைத்திருந்தார்கள். முதல் பொட்டு நன்றாகவே விழுந்தது. இரண்டாவது பொட்டு வைக்கும்போது பக்கத் தகடு பிய்ந்து, குனிந்திருந்த பையனின் முகத்திலும் முன்கையிலும் அடித்தது. தாங்கியின் மூடியைத் திறந்தே வைத்திருந்தார்கள். அந்தச் சிறு துவாரம் அந்த அமுக்கத்தை வெளியேற்றப் போதவில்லை. பையன் உயிர் பிழைத்தான். ஒரு கண்ணின் பார்வை திரும்பவில்லை. அந்த வேலையைக் கொடுத்த பாஸ், "நான் எத்தனையோ வருடமாக இப்படித்தான் செய்கிறேன், ஒன்றும் நடந்ததில்லையே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. அத்தனை வருடமும் கலவை அந்த எல்லைக்குள் வந்து சேரவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருளில்லை; அதை அனுபவம் என்று சொல்லி, பதினெட்டு வயதுப் பையனின் கையில் வெல்டிங் கோலைக் கொடுக்க யாருக்கும் உரிமை கிடையாது.

தண்ணீர் நிரப்பிப் பிடித்தால் பயமில்லை என்பார்கள். தாங்கியைச் சரிக்கும்போது மேல்மூலையில் தண்ணீர் நிரம்பாமல் தங்கும் காலி இடமே வெடிக்கப் போதும். ஒட்சிசன் குழாயை விட்டு ஊதிச் சுத்தம் செய்வது தற்கொலைக்குச் சமம், ஏனெனில் அது தீயை இன்னும் வேகமாக்கும். டீசல் தாங்கி பாதுகாப்பானது என்பதும் தவறு: டீசல் எரியக்கூடிய ஆவியை வெளிவிட 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூடு வேண்டும், அந்தச் சூட்டை வெல்டிங் சில விநாடிகளில் கொடுத்துவிடும். நீராவியால் நெடுநேரம் சுத்தம் செய்து, வாயுமானியால் சோதித்து, நைதரசன் போன்ற எரியாத வாயுவை நிரப்பியபின் செய்யும் முறை ஒன்று உண்டு. அந்த வசதி நம் சிறு கராஜ்களில் இல்லை. ஆகவே பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய தாங்கி ஒன்றைத் தேடி மாற்றுங்கள், இல்லையேல் வேலையைத் திருப்பி அனுப்புங்கள். "முடியாது" என்று பாஸிடம் சொல்லப் பையனுக்குத் துணிவு வராது என்பதால், அந்தச் சொல் பாஸின் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுப்பது

ஜக்கால் தூக்கிய வண்டியைத் தாங்கி நிறுத்தும் ஸ்டாண்ட் இல்லையென்றால் அந்த வேலையும் இல்லை.

குழிக்குள் பெற்றோல் வேலை

பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது தரையோடு படர்ந்து, வண்டியின் அடியில் நின்று வேலை செய்யும் குழிக்குள் இறங்கித் தேங்கி நிற்கும். பெற்றோல் குழாயைக் கழற்றும் வேலையைக் குழியில் வைத்துக்கொள்ள வேண்டாம். கையில் பிடிக்கும் மின்குமிழ் விழுந்து உடைவதே அங்கே தீப்பிடிக்கப் போதும்.

ஹைபிரிட்டைச் சாதாரணக் கார் என்று நினைப்பது

பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைபிரிட் கார்களால், பிரியஸ், அக்வா, வெசல் என்று கொழும்பு வீதிகள் நிறைந்திருக்கின்றன. சிறு கராஜ்களுக்கும் அவை வரத் தொடங்கிவிட்டன. அக்வாவின் பெரிய பற்றரி 144 வோல்ட், பிரியஸின் பற்றரி 200 வோல்ட்டுக்குச் சற்று மேல். பற்றரி மின்னை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டரில் அது 500 வோல்ட்டையும் தாண்டும். 12 வோல்ட் பற்றரியைக் கழற்றிவிட்டால் போதும் என்பது தவறான எண்ணம். பெரிய பற்றரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை இழுத்தபின்னும் குறைந்தது 10 நிமிடம் காத்திருந்து, மீற்றரால் அளந்து பார்த்த பின்னரே உயர் வோல்ட் ஓடும் செம்மஞ்சள் நிறக் கேபிள்களில் கை வைக்கலாம். அதற்குரிய 1000 வோல்ட் தாங்கும் இறப்பர்க் கையுறை இல்லாத கராஜ் இந்த வேலையை ஏற்கவே கூடாது.

வாயால் பெற்றோல் உறிஞ்சுவது

ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனாலே உயிராபத்து. கைப்பம்பு வாங்குங்கள்.

காயத்தை மறைப்பது

தீக்காயம் பட்டால் பற்பசையோ, கிரீசோ பூச வேண்டாம். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்துவிட்டு, சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை 1990 என்ற இலக்கத்தில் அழையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. மருத்துவமனையில் "வீட்டில் அடுப்பு வெடித்தது" என்று சொல்லும்படி பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின் போது வேலை காரணமாக ஏற்படும் காயத்துக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. அந்தப் பொய் மருத்துவக் குறிப்பில் ஏறிவிட்டால், பின்னர் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர் முன் உண்மையை நிறுவுவது மிகவும் கடினமாகிவிடும். நியமனக் கடிதம் இல்லாத பையன்கள், சம்பளம் வாங்கும் திகதியையும் தொகையையும் ஒரு கொப்பியில் எழுதிவைப்பதும், நோய் நிர்ணய அட்டையைப் பத்திரப்படுத்துவதும் அவசியம்.